விசிறிக்குப் பின்னால்

அந்த டீச்சருக்கு வாய் கோணல் என்றுதான் நாங்கள் முதலில் முடிவு கட்டியிருந்தோம். இல்லையென்றால் எந்தப் பொம்பளை வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பனையோலை விசிறியைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள்? அதுவும் சாதாரண விசிறி இல்லை. நடுவில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் மெல்லிசான கறுப்புத் துணியைத் தைத்து வைத்திருந்தார். குரல் வெளியே வரும், வாய் தெரியாது.

மீமிசலில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் கடைசி அறை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். பேச்சு சரியாக வராத சின்னப் பிள்ளைகளை, பள்ளிக்கூட வயசு வருவதற்கு முன்னாலேயே அங்கே கூட்டிக்கொண்டு போவோம். பிள்ளைகள் உள்ளே, அம்மாமார் வெளியே வேப்பமரத்தடியில். எங்களுக்கு அங்கே வேறு வேலை கிடையாது. டீச்சரைப் பற்றிப் பேசுவதுதான் வேலை.

"முன்பல்லு ரெண்டும் இருக்காதுக்கா" என்பாள் மீமிசல்காரி. அவள் மகனும் என் மகளும் ஒரே நேரத்துக்கு வருகிறவர்கள். "இல்லைன்னா சின்ன வயசுல ஒதடு கிழிஞ்சு தையல் போட்டிருப்பாக. டீ குடிக்கிறப்பப் பாத்தீகளா? சொவத்தப் பாத்துல்ல திரும்பிக்கிறாக!"

அது உண்மைதான். நானும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றுதான் டீ குடிப்பார். முதுகுக்குப் பின்னால் எந்தப் பிள்ளை என்ன பேசுகிறது என்று முகம் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். அப்படித்தான் பின்னால் சொன்னார். நான் பாதிதான் நம்பினேன்.

விசிறிக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. முதல் நாளே சொன்னார். "பிள்ளைக நம்ம ஒதட்டப் பாத்தே பாதியப் புரிஞ்சுக்கும்மா. ஒதட்ட மறைச்சாத்தான் காதுக்கு வேலை வரும். நான் ஒங்ககூடப் பேசுனாலும் அதுக பாத்துக்கிட்டுத்தானே இருக்கும்?" நாங்கள் தலையாட்டினோம். வெளியே வந்ததும் மீமிசல்காரி என் கையைக் கிள்ளினாள். "பல்லு போன கதைய எப்புடிச் சுத்திச் சுத்திச் சொல்றாக பாத்தீகளா?"

இப்போது அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. மாற்றலாகிப் போய்விட்டார். இன்றைக்கும் பனையோலை விசிறி எங்கே கண்ணில் பட்டாலும் எனக்கு அவர் ஞாபகம்தான், அதோடு கொஞ்சம் எரிச்சலும் வரும்.

எனக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. ஜெகதாப்பட்டினத்தில் வாக்கப்பட்டவள் நான். வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். படகை நாங்கள் போட்டு என்போம். அந்தப் போட்டு கரைக்கு வந்து, கயிறு கட்டி, ஆள் குதித்து இறங்குகிற வரைக்கும் யார் என்ன நல்ல சேதி சொன்னாலும் நம்ப மாட்டேன். எல்லை தாண்டினதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எத்தனை வீட்டில் அழுகையைக் கேட்டிருக்கிறேன்! அப்படிப்பட்ட எனக்கே ஒரு ஆளின் சந்தேகம் தாங்க முடியாமல் போனது என்றால் அது இந்த டீச்சருடைய சந்தேகம்தான்.

என் மகள் காவியாவுக்கு அப்போது நாலு வயசு. பேசாத பிள்ளை இல்லை. ஓயாமல் பேசுவாள். ஆனால் 'க' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'த'தான் வரும். கதவு என்றால் ததவு, காக்கா என்றால் தாத்தா. தன் பேரையே தாவியா என்பாள். பாதிச் சொல்லை முழுங்கியும் விடுவாள். எனக்கு எல்லாம் புரியும். அவள் அப்பாவுக்குப் பாதி புரியும். வெளி ஆட்களுக்கு ஒன்றுமே விளங்காது.

வருகிற ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கலாம் என்று ஒரு நர்சரி ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த மேடம் அவளிடம் ஏதோ கேட்டார். இவளும் நிறையச் சொன்னாள். மேடம் என்னைப் பார்த்து, "பிள்ளைக்குக் காது சரியாக் கேக்குதா? பேச்சுப் பயிற்சி டீச்சர்கிட்டக் காமிச்சு, எங்க ஸ்கூல்ல சேக்கலாம்னு எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா டவுன்ல இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு ஹாஸ்டலோட பள்ளிக்கூடம் இருக்கு" என்றார். ஹாஸ்டல் என்ற அந்த ஒரு வார்த்தையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ராத்திரியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை. அதைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவது?

ஆக, என் பிள்ளை என்னோடு இருப்பதும் போவதும் அந்த விசிறிக்காரர் எழுதித் தரும் நாலு வரியில் இருந்தது. அவர் வாயை மறைத்தால் எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

முதல் நாளே எனக்கு மனசு விட்டுப்போனது. நாக்கை நீட்டச் சொல்வார், வாயைத் திறக்கச் சொல்வார், 'க' சொல்லச் சொல்வார் என்று நினைத்துப் போயிருந்தேன். ஒன்றும் இல்லை. அலமாரியிலிருந்து பவுடர் டப்பா, காப்பித்தூள் டப்பா என்று வரிசையாக எடுத்து வைத்தார். ஒன்றில் அரிசி, ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் மணல். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி. அவர் ஒன்றைக் குலுக்குவார். அதே சத்தம் வருகிற டப்பாவைப் பிள்ளை தேடி எடுக்க வேண்டும். பேச்சு வரவில்லை என்று வந்த இடத்தில் இதென்ன கூத்து!

"டீச்சர், இவளுக்கு வாயிலதான பிரச்சினை?" என்றேன்.

"அப்புடின்னு யாரு சொன்னா?"

"நாந்தான் பாக்குறேனே."

"நீங்க பாக்குறீங்க. அவ கேக்குறாளான்னு எனக்குத் தெரியணும்ல?"

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "கேட்டாளா, பாத்தாளா?" பிள்ளை சரியாகச் செய்தால் எந்த டீச்சரும் கை தட்டுவார், கன்னத்தைத் தட்டுவார். இவர் அப்படியே நின்று, விசிறிக்கு மேலே கண்ணை இடுக்கி, தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். கேட்டாளா, பாத்தாளா? ஜன்னல் வெளிச்சத்தில் தன் கை நிழல் விழுகிறதோ என்று சந்தேகம் வந்து ஜன்னலைச் சாத்தினார். இரும்பு பீரோவில் உருவம் தெரிகிறது என்று அதன் மேல் போர்வையைப் போட்டார். வளையல் போட மாட்டார். அறைக்குள் செருப்பில்லாமல் பூனை மாதிரி நடப்பார். ஒரு நாள் நான் மல்லிகைப்பூ கொடுத்தேன். "வேணாம்மா, நான் எந்தப் பக்கம் நிக்கிறேன்னு வாசத்துலயே கண்டுபுடிச்சுரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பூவுக்குக்கூடச் சந்தேகமா என்று எனக்குச் சுருக்கென்றது.

பிள்ளைகளிடம் மட்டும் என்றில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பார்ப்பேன். பஸ் வந்து நிற்கும். போர்டைப் படிப்பார். கண்டக்டர் ஊர்ப் பேரைக் கூவுவதைக் கேட்பார். அப்புறமும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம், "இது அங்கிட்டுத்தானே போகுது?" என்று கேட்டுவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். அதற்குள் கண்டக்டர் இரண்டு விசில் ஊதியிருப்பார்.

ஆரம்பத்தில் அம்மாமாரும் உள்ளே உட்காரலாம். அதைக் கெடுத்தது நான்தான் என்று மற்ற அம்மாமார் இன்றைக்கும் சொல்கிறார்கள். நடந்தது இதுதான். காவியா என் மடியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாமூச்சி ஆட்டம் என்று சொல்லி அவள் கண்ணைத் துணியால் கட்டியிருந்தார் டீச்சர். கையில் கடற்கரைச் சிப்பிகள், முன்னால் ஒரு அலுமினியக் கிண்ணம். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு சிப்பியைக் கிண்ணத்தில் போட வேண்டும். டீச்சர் எட்டத்தில் நின்று டப்பாவைக் குலுக்கினார். டங்கென்று சிப்பி விழுந்தது. மெதுவாகக் குலுக்கினார். விழுந்தது. இன்னும் மெதுவாக. அதற்கும் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளைக்குக் காது கேட்காது என்று எவள் சொன்னது?

டீச்சர் வேறொரு டப்பாவை எடுத்து அதே மாதிரி ஆட்டினார். எனக்கே சத்தம் கேட்கவில்லை. ரொம்ப மெல்லிசான சத்தம் போல என்று நினைத்தேன். சிப்பி விழுந்தது.

டீச்சர் டப்பாவின் மூடியைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை.

"இப்ப எதம்மா கேட்டா?"

நான் டப்பாவைக் கேட்டு வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன்.

"கேக்குறது பிள்ளை காது இல்லைம்மா. ஒங்க மடி" என்றார். "நான் கையத் தூக்குனதும் ஒங்களுக்கு ஒடம்பு இறுகுது. பிள்ளை அதப் புடிச்சுக்கிட்டுச் சிப்பியப் போடுறா. கெட்டிக்காரி."

"நான் ஒண்ணுமே பண்ணலையே!"

"நீங்க பண்ணலை. ஒங்க தொடை பண்ணுது."

மடிக்குக் காது கேட்குமாம்! தொடை பேசுமாம்! இன்றைக்கும் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளை மேல் ஆசை இருக்கிறவளுக்கு உடம்பு இறுகாமல் மரக்கட்டை மாதிரியா இருக்கும்? ஆனால் அன்றோடு எல்லா அம்மாமாரும் வெளியே. கதவும் சாத்தியாயிற்று. ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. டப்பாச் சத்தம், மணிச் சத்தம், விசிறிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், அவ்வளவுதான். சாத்தின கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தோன்றாத எண்ணமெல்லாம் தோன்றும்.

அடுத்த குண்டை அவரே தூக்கிப் போட்டார். "இவ எப்பவும் வலது பக்கந்தான் திரும்புறா. எடது காது மேல எனக்குச் சந்தேகம்."

"எங்க ஊருல போட்ட காது முகாம்ல பாத்து நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துருக்காகளே, டீச்சர்."

"கூட்டத்துக்கு நடுவுல பாத்தது. அத நான் நம்பலை. புதுக்கோட்டை போயி, சத்தம் புகாத ரூம்ல வச்சுப் பாத்துட்டு வாங்க."

மீமிசல்காரி மரத்தடியில் எனக்குக் காதில் ஓதினாள். "காதுல மாட்டுற மெஷின் விக்கிறவுகளோட ஆளா இருக்கும்க்கா. ஒங்க பிள்ளையச் செவிடுன்னு ஆக்கிப்புட்டா அப்பறம் ஹாஸ்டலுக்குத்தான்." எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் போகாமல் இருக்க முடியுமா? போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தலையைவிடப் பெரிசாக ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு காவியா தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் இந்தப் பக்கம் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் அந்தக் காகிதத்தை டீச்சர் மேஜையில் பட்டென்று வைத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன்.

"நான் நெனச்சது தப்பு" என்றார். அவ்வளவு சீக்கிரம் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் விசிறிக்கு மேலே அந்தக் கண் இடுங்கியது. "காது நல்லாருக்கு. அப்ப ஏன் எடது பக்கம் கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்குறா? நாளைக்கு ஒங்க வீட்டுக்கு வாரேன்."

"எதுக்கு?"

"பாக்கத்தான்."

மறுநாள் வீட்டைக் கூட்டி, பெருக்கி, காப்பிக்குப் பாலும் வாங்கி வைத்தேன். வரவில்லை. அதற்கு அடுத்த நாள், நான் அழுக்குச் சேலையோடு அடுப்படியில் நிற்கும்போது வந்தார். வேண்டுமென்றுதான் செய்தார் என்று எனக்கு நிச்சயம்.

எங்கள் வீட்டுக்கு இடது பக்கம் ஐஸ் பிளாண்ட். பெரிய பெரிய ஐஸ் பாளங்களைப் போட்டு அரைக்கிற மெஷின் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்தில்தான் ஓடும். ஓடும்போது அலமாரித் தட்டுகள் அதிரும். டீச்சர் வந்து நின்றதே எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு அடுப்படியிலிருந்து வந்து, காவியா முதுகைத் தொட்டு, சோறு தின்கிற மாதிரி கையைக் காட்டிவிட்டுத் திரும்பினால் வாசலில் விசிறி.

அவர் என்னவோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. கிட்டே வந்து என் காதோரமாகக் கத்தினார். "எப்பவும் இப்புடித்தான் கூப்புடுவீங்களா?"

வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். தொடுவோம், கையாட்டுவோம், எட்டத்தில் இருந்தால் காலடியில் ஒரு சின்னக் கல்லைப் போடுவோம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? இதை ஒரு விஷயமாக நான் அதுவரை நினைத்ததே இல்லை.

மெஷின் நின்ற பிறகு டீச்சர் சொன்னார். "பொறந்ததுலேருந்து இந்தச் சத்தத்துக்குப் பக்கத்துல வளந்துருக்கா. காதத் தொறந்து வச்சா யாருக்கும் கிறுக்குப் புடிச்சுரும். அதான் காத விட்டுட்டுக் கண்ணால பொழைக்கக் கத்துக்கிட்டா. எடது பக்கம் வர்றது வெறும் எரைச்சல்தான்னு அந்தப் பக்கம் திரும்புறதையே விட்டுட்டா. 'த' சொல்றப்ப நாக்கு பல்லுல முட்டுறது வெளிய தெரியும். 'க' தொண்டைக்கிட்ட நடக்குது, பாக்க முடியாது. கண்ணுக்குத் தெரிஞ்சத மட்டும் படிச்சுக்கிட்டா."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிற பேச்சு என்றாலே எனக்குச் சந்தேகம் கூடும். அதற்கேற்ற மாதிரி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இந்த மெஷின் எப்ப ஓடும், எப்ப நிக்கும்? போட்டுக எப்பப் போகும், எப்ப வரும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் அசலூர் ஆள் வந்து போட்டு போகிற நேரம் கேட்டால், யாருக்குத் துப்புக் கொடுக்கிற ஆளோ என்று யாரும் பதில் சொல்ல மாட்டோம். "அதெல்லாம் சொல்ல முடியாது டீச்சர், காத்தப் பொறுத்தது" என்று மழுப்பிவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"யாரு அந்தம்மா? எந்த ஊரு?"

"அரிமளம் பக்கம்ங்கிறாக."

"அரிமளத்துக்காரவுகளுக்குக் கடல் கணக்கு என்னத்துக்கு?"

ஐஸ் ஏற்ற வருகிற லாரிக்காரர் ஒருவருக்கு அரிமளம் பக்கம்தான். வீட்டுக்காரர் அவரை விசாரித்து வரச் சொன்னார். அப்படி ஒரு டீச்சர் வீடு இருக்கத்தான் செய்கிறது, நல்ல குடும்பம் என்று அவர் வந்து சொன்னார். அப்புறம் நாங்கள் கொஞ்ச நாள் அந்த லாரிக்காரரைச் சந்தேகப்பட்டோம்.

டீச்சர் கேட்டது தடைக்காலத்துக்காக. மீன் குஞ்சு பொரிக்கிற அந்த நாட்களில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். மீன் இல்லாத ஊரில் ஐஸ் எதற்கு? மெஷினும் நின்றுவிடும். "அதுதான் நமக்குக் கெடச்ச நேரம். விட்டா ஸ்கூல் தொறந்துரும்" என்றார் டீச்சர். தொட்டுக் கூப்பிடக் கூடாது. கையாட்டக் கூடாது. பிள்ளைக்குப் பின்னால் நின்று, மெல்லமாக, ஒரே ஒரு தடவை பேர் சொல்ல வேண்டும். திரும்பாவிட்டால் காத்திருக்க வேண்டும். 'க' சொல்லு என்று கேட்கவே கூடாது. தப்பாகச் சொன்னால் திருத்தவும் கூடாது.

"மொதல்ல வித்தியாசம் காதுக்குத் தெரியட்டும். வாய் அப்பறம் வரும்."

வரவில்லையென்றால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மெஷின் நின்ற தெரு எங்களுக்கே புதுசாக இருந்தது. பக்கத்து வீட்டில் தோசை சுடுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரருக்கும் வேலை இல்லை. அவரும் கூப்பிட்டுப் பழகினார். கடலில் கத்தியே பழகின தொண்டை. மெல்லமாகப் பேச வரவில்லை. காவியாவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "காவியாத்தா" என்று அவர் அடங்கின குரலில் கூப்பிடுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவள் திரும்ப மாட்டாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

நாங்கள் சொன்னபடி செய்கிறோமா என்பதில் டீச்சருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஒரு நாள் தெருமுனையில் ஒரே கூச்சல். வலைக் குவியலுக்குப் பின்னால் ஒரு பொம்பளை பதுங்கி உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளை பிடிக்கிறவள் என்று பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்து வைத்திருந்தாள். அப்போது எல்லார் போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று சேதி வந்துகொண்டிருந்த நேரம். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். டீச்சர் பயப்படவே இல்லை. பிடிபடாத கையால் விசிறியைத் தூக்கிக்கொண்டு, "சத்தம் போடாதீங்க. அவங்கம்மா எப்புடிக் கூப்புடுறாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்கிறார்.

"வாயத் தொறந்து பேசுடி! மூஞ்சிய எதுக்குடி மறைக்கிற?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

நான் உடனே எங்க டீச்சர்தான் என்று சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன். ஊரையே சந்தேகப்படுகிறவரை ஊரும் கொஞ்சம் சந்தேகப்படட்டுமே!

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை போகும்போது தடை இல்லாத நாட்டுப்படகில் வந்த நல்ல கடல்நண்டாகப் பார்த்து வாங்கி ஒரு வாளியில் கொண்டுபோனேன். டீச்சர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு இது?"

"சும்மாதான் டீச்சர். ஒங்க ஊர்ப் பக்கம் இப்புடிக் கெடைக்காதுல்ல?"

"சும்மா ஒண்ணுமில்லை. இதத் தின்னுட்டு ஒங்க பிள்ளைய ஒக்கார வச்சா, அவ என்ன சொன்னாலும் எனக்குச் சரியாச் சொன்ன மாதிரியே கேக்கும். எடுத்துட்டுப் போங்க."

எனக்கு முகம் செத்துப்போனது. அவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். விசிறிக்குப் பின்னாலிருந்து குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. "ஒங்களச் சொல்லலைம்மா. என் காதச் சொல்றேன். பிள்ளைகளோட பழகப் பழக அதுக சொல்லாததும் எனக்குக் கேக்க ஆரம்பிச்சுரும். ஆசைதான். அத நம்பி எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு வகுப்புல பிள்ளை முழிச்சுக்கிட்டு நிக்கும்."

தன் காதையே நம்பாத மனுஷியிடம் என்ன பேசுவது? வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நண்டை மீமிசல்காரி வாங்கிக்கொண்டாள்.

தடைக்காலம் முடிகிற நேரம் வந்தது. ஐஸ் பிளாண்டில் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார்கள். நர்சரி ஸ்கூலில் போன் போட்டு, எழுதி வாங்கியாச்சா என்று கேட்டார்கள். காவியா இப்போது கூப்பிட்டால் பல தடவை திரும்பினாள், இடது பக்கமும் திரும்பினாள். ஆனால் வாயில் அதே ததவு, அதே தாவியா. வீட்டுக்காரர், "ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழமை பாக்க விடுவாகளா?" என்று கேட்டார். அவர் அதைக் கேட்டதும் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அன்றைக்கு நாங்கள் போனபோது டீச்சர் புதுசாக ஒன்று சொன்னார். "மரத்தடிக்குப் போக வேணாம். கதவுக்குப் பக்கத்துல ஒக்காருங்க." ஏன் என்று சொல்லவில்லை. காவியா உள்ளே போனாள். டீச்சர் கதவைச் சாத்தினார். மேஜை மேல் ஒரு துண்டு வலையும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்ததைப் பார்த்திருந்தேன். வலையின் ஓட்டையைக் கண்ணி என்போம். கண்ணி என்றால் வலையைத் தொட வேண்டும், தண்ணி என்றால் டம்ளரைத் தொட வேண்டும். கொஞ்ச நாளாக அதுதான் விளையாட்டு. தொடுவது மட்டும்தான், சொல்வது கிடையாது.

கதவோரமாக உட்கார்ந்திருந்தேன். முதலில் டீச்சர் குரல் மட்டும். அப்புறம் ஒரு பிள்ளைக் குரல்.

"கண்ணி."

சுத்தமாக, தொண்டையிலிருந்து.

"இது?"

"தண்ணி."

காலையில் கோட்டைப்பட்டினத்துப் பிள்ளை ஒன்று உள்ளே போனது எனக்கு ஞாபகம் வந்தது. பேச்சு ஏறக்குறைய தேறிவிட்ட பிள்ளை. அது வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. அறைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு உண்டு, அது வழியாகப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்போ இன்னும் உள்ளேதான் இருக்கிறதா? என் பிள்ளையை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு அதைச் சொல்ல வைக்கிறாரா? எதற்கு? யாரை ஏமாற்ற? எழுந்து கதவில் காதை வைத்தேன்.

"ஒன் பேரு என்ன?"

"காவியா."

என் பிள்ளையின் பேரை ஒரு பிள்ளைக் குரலில் அப்படி நான் கேட்டதே இல்லை. அடிப்பாவி, ஊரான் பிள்ளைக்கு என் பிள்ளை பேரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாளே! கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அறையில் வேறு பிள்ளையே இல்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவியா மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள். எதிரே விசிறி.

"அங்கேயே நில்லுங்க" என்றார் டீச்சர். "என்னத்துக்கு ஓடி வந்தீங்க?"

"கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைய வச்சு..." என்றேன். மேலே வரவில்லை.

"வச்சு?"

"என்னைய ஏமாத்துறீங்களோன்னு நெனச்சேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"எம் மனசு சந்தோசப்படணும்னு சொல்லலையே?"

"ஒங்க சந்தோசத்துக்கு நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" எனக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்துகொண்டிருந்தது. கோபமும் போகவில்லை.

டீச்சர் சொன்னார். "கொஞ்ச நாளாவே எனக்கு இப்புடித்தான் கேக்குது. என் ஆசைதான் கேக்குதோன்னு இருந்துச்சு. யாரக் கேக்குறது? எல்லாரும் பிள்ளை மேல உள்ள பிரியத்துல ஆமாம்பாங்க. பெத்தவ, அதுவும் நீங்க, முகம் பாக்காமக் கேட்டுட்டு இது வேற பிள்ளைன்னு சண்டைக்கு வந்துட்டீங்கள்ல? அப்ப சரி."

காவியா திரும்பி என்னைப் பார்த்தாள். திறந்து கிடந்த கதவைக் காட்டி, "அம்மா, ததவு!" என்றாள்.

"அது மெதுவா வரும்" என்றார் டீச்சர். எழுதுவதற்காகக் காகிதத்தை இழுத்துக்கொண்டார். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் விசிறியை மேஜை மேல் வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே நான் நன்றாக உற்றுப் பார்த்தேன். உதட்டில் தையல் கிடையாது, வாயும் கோணல் இல்லை. பல்லெல்லாம் வரிசையாக நன்றாகத்தான் இருந்தது.